தென் துருவத்துச் சித்திரை

அவளைப் பற்றி எழுதப் போகிறேன் என்று வீட்டில் சொன்னதும், "எழுது எழுது, அவ்ளோ நல்ல பொண்ணு" என்றார் என் கணவர். அந்த ஒரு வார்த்தைக்காகவே எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எங்கள் கல்யாணத்தில் அரைமணி நேரம் பார்த்ததற்கே இவருக்கு அவள் நல்ல பொண்ணு. நான் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். எனக்குத் தெரியாதா அவள் எவ்வளவு நல்லவள் என்று? தெரிந்ததால்தானே இந்த எரிச்சல்.

கல்யாணம் விழுப்புரத்தில், தொண்ணூற்றெட்டில். மாதா கோயிலில் பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்துவிட்டோம். பந்தி போடப் போகிறார்கள். அப்போதுதான் அவள் உள்ளே வந்தாள். என்னைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், கூட்டத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். பிறகு என் மாமியார் காதில் விழும்படியாகவே கேட்டாள்.

"இன்னாடி, உன் சின்னத்தையைக் காணோம்?"

அதுவரை யாருக்குமே அது தோன்றவில்லை. என் அப்பாவுக்கே தோன்றவில்லை. விசாரித்தால், பத்திரிகையை நேரில் வந்து வைக்காமல் ஆள் மூலம் கொடுத்தனுப்பிவிட்டார்கள் என்று அத்தை ரோஷத்தோடு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். இவள் ஒரு ஆட்டோ பிடித்துக்கொண்டு போனாள். என்ன சொன்னாளோ, முக்கால் மணி நேரத்தில் அத்தை அழுதுகொண்டே வந்து என் நெற்றியில் சிலுவை போட்டாள். அன்றைக்கு மண்டபம் முழுக்க அவள் பேச்சுதான். கல்யாணப் பெண் நான். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மேடையில் நின்றவள் நான். ஆட்டோவில் போய் வந்ததில் குழுப்படம் எடுக்கும்போது அவள் இல்லை. இருந்தாலும் ஆல்பத்தைப் புரட்டுகிற உறவுக்காரர்கள் இன்றைக்கும், "அத்தையைக் கூட்டிக்கினு வந்துச்சே, அந்தப் பொண்ணு எங்க?" என்றுதான் கேட்கிறார்கள்.

அவள் குணமே அதுதான். எங்கே போனாலும் அங்கே இல்லாததுதான் முதலில் அவள் கண்ணில் படும்.

தொண்ணூற்று மூன்றில் நாங்கள் விழுப்புரத்தில் வேதியியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தோம். அவள் கண்டாச்சிபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். நான் உள்ளூர்க்காரி. எழுத்துத் தேர்வில் எப்போதும் நான்தான் முதல். ஆய்வுக்கூடத்தில் அவள் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. எங்களுக்கு ஒரு சின்னப் பொட்டலத்தில் ஏதோ ஒரு உப்பைக் கொடுத்துவிடுவார்கள். அதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். நாங்கள் எல்லோரும் என்ன இருக்கிறது, என்ன இருக்கிறது என்று அலைந்துகொண்டிருப்போம். அவள் நோட்டில் முதல் வரியே "கார்பனேட் இல்லை" என்று ஆரம்பிக்கும்.

"மொதல்ல எது இல்லன்னு அடிச்சிக்கினே வாடி. மிச்சம் தானா வாயத் தொறக்கும்" என்பாள்.

நைட்ரேட் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. சோதனைக்குழாயின் ஓரமாக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். இரண்டு திரவமும் சந்திக்கிற இடத்தில் பழுப்பாக ஒரு வளையம் விழும். கை கொஞ்சம் ஆடினாலும் வளையம் கலைந்துவிடும். எனக்கு ஒவ்வொரு தடவையும் கலைந்தது. அவளுக்கு ஒரு தடவைகூடக் கலையவில்லை. வளையம் விழுந்ததும் குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வாள். பெருமையாக ஒரு பார்வை பார்த்திருந்தாலாவது எனக்குத் திட்டுவதற்கு ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

அந்த வருஷம் என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நான் கல்லூரியில் யாரிடமும் சொல்லவில்லை. மத்தியானம் என் டிபன் பாக்ஸைத் திறந்தேன். அவள் எட்டிப் பார்த்தாள்.

"உங்கம்மா வூட்ல இல்லியா?"

"ஏன்?"

"தயிர்சாதத்துல கறிவேப்பிலை இல்ல. நாலு நாளா இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைவிட, அவள் முன்னால் அழுகை வந்ததே என்று ஆத்திரம் வந்தது. மறுநாளிலிருந்து அவள் இரண்டு பாக்ஸ் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்கும் போய் அம்மாவைப் பார்த்திருக்கிறாள். அம்மா வீட்டுக்கு வந்ததும் முதலில் சொன்னது, "அது மாதிரி நாலு விஷயம் பாத்து நடந்துக்கத் தெரியுதா உனக்கு?" என்பதுதான். பிழைத்து வந்த அம்மாவைப் பார்த்து சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் நான் கொல்லைப்புறத்தில் போய் நின்றுகொண்டிருந்தேன்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் அந்த வருஷக் கடைசியில் வந்தது.

திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் அறிவியல் பேச்சுப் போட்டி வைத்தார்கள். தமிழில் பேச வேண்டும். தலைப்பு ஓசோன் ஓட்டை. முதலாவதாக வருகிறவருக்குக் கோடை விடுமுறையில் ஆறு வாரம் பெங்களூரில் ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் தங்கி வேலை கற்றுக்கொள்ளலாம். போக, வர, சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. ஒரு கல்லூரிக்கு ஒருவர்தான். எங்கள் துறைத் தலைவர் என்னையும் அவளையும் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் தயார் பண்ணிக்கினு வாங்க. இங்க பேசிக் காட்டுங்க. யாரை அனுப்புறதுன்னு நான் சொல்றேன்" என்றார். பெங்களூர் போய் வந்தால் எம்.எஸ்ஸி. இடம் நிச்சயம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்கு மேலே படிக்க வேண்டும். வீட்டில் அப்பா ஏற்கெனவே ஜாதகம் பார்க்கிற வழக்கமில்லாத நமக்கு எவ்வளவு சீக்கிரம் மாப்பிள்ளை அமைகிறது பார் என்று பேச ஆரம்பித்திருந்தார். அந்த ஆறு வாரம் கிடைக்காவிட்டால் என் படிப்பு அத்தோடு சரி என்று எனக்குத் தெரியும்.

நூலகத்தில் ஓசோனைப் பற்றி ஒரே ஒரு ஆங்கிலப் புத்தகம்தான் இருந்தது. அன்றைக்கு மத்தியானமே எடுத்துவிட்டேன். படித்து முடிக்க மூன்று நாள் போதும். பன்னிரண்டு நாள் வைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து அவள் ஒரு ஈரக் காகிதத்தோடு வந்தாள். அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மடித்துக் கொடுத்த ஆங்கிலப் பேப்பர் துண்டு. உப்புத் தண்ணீரில் ஊறி எழுத்தெல்லாம் கசங்கியிருந்தது.

"இங்க பாருடி. குளோரின்தான் ஓசோனைத் தின்னுது. ஆனா வழக்கமா நைட்ரஜன் வந்து அந்தக் குளோரினைக் கட்டிப் போட்டுடுமாம். அப்புறம் அதால ஓசோனை ஒண்ணும் பண்ண முடியாதாம். தென் துருவத்துல மட்டும் வசந்த காலத்துல கட்டிப் போட ஆளே இல்லியாம். அதோட பேப்பர் கிழிஞ்சி போச்சி. அந்த நைட்ரஜன் எங்கடி போச்சி? உன்கிட்ட இருக்கிற புக்குல எதனா போட்டிருக்குதா?"

போட்டிருந்தது. இரண்டு பக்கம் அதைப் பற்றித்தான். துருவத்தில் மாதக்கணக்கில் சூரியனே வராத இருட்டுக் காலத்தில், மிக உயரத்தில், கடுங்குளிரில் மெல்லிய மேகங்கள் உண்டாகின்றன. காற்றிலிருக்கும் நைட்ரஜன் சேர்மங்கள் நைட்ரிக் அமிலமாகி அந்த மேகத் துகள்களில் உறைந்துகொள்கின்றன. துகள்கள் பெருத்துக் கனத்துக் கீழே இறங்கிவிடுகின்றன. அதே துகள்களின் மேல்தான் குளோரினும் தன் கட்டிலிருந்து அவிழ்கிறது. வசந்தத்தில் வெயில் திரும்பி வரும்போது மேலே குளோரின் இருக்கிறது, அதைப் பிடித்து வைக்க நைட்ரஜன் இல்லை. ஓசோன் அழிகிறது. அவள் கேட்டதற்கு நேரான பதில். நான் அடிக்கோடுகூடப் போட்டு வைத்திருந்தேன்.

"நைட்ரஜனா? அப்படி ஒண்ணும் இல்லடி" என்றேன்.

"சரி" என்று போய்விட்டாள்.

அந்த வாரம் கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இதைச் சொன்னேன். முழுசாக எங்கே சொன்னேன்? "நூலகப் புத்தகத்தை ரொம்ப நாள் வச்சிக்கிட்டேன் சாமி" என்று மட்டும் சொன்னேன். "திருப்பிக் குடுத்துடு" என்றவர், பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு, புத்தகத்தை இன்னும் நான்கு நாள் வைத்துக்கொண்டேன்.

துறைத் தலைவர் முன்னால் முதலில் அவள்தான் பேசினாள். படமில்லை, அட்டையில்லை. அந்த மல்லாட்டைப் பேப்பரில் இருந்ததை வைத்துக்கொண்டே பேசினாள். கடைசியில், "குளோரின் இருக்குதுன்றது பாதி விஷயந்தான் சார். அதைத் தடுக்கிறது ஏன் அங்க இல்லன்றதுதான் மீதிப் பாதி. அது எங்க போச்சின்னு எனக்குத் தெரியல சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். போட்டிக்கு வந்த இடத்தில் யாராவது தெரியலை என்று முடிப்பார்களா?

அடுத்து நான். வண்ண அட்டையில் படம் வரைந்து எடுத்துப் போயிருந்தேன். நைட்ரிக் அமிலமாக உறைந்து கீழே விழுந்துவிடுகிறது என்ற இடம் வந்தபோது நான் அவள் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவள் சத்தம் கேட்டது.

"ஓ, கீழ விழுந்துடுதா!"

கையைத் தட்டிக்கொண்டு சொன்னாள். திரும்பிப் பார்த்தால் முகமெல்லாம் சிரிப்பு. புத்தகத்தில் இல்லை என்று பொய் சொன்னேனே, அது இந்த நிமிஷம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதைப் பற்றி ஒரு நினைப்பும் அந்த முகத்தில் இல்லை. பதில் கிடைத்துவிட்ட சந்தோஷம் மட்டும் இருந்தது. அவள் முறைத்திருந்தால் நான் நிம்மதியாகப் பேசி முடித்திருப்பேன். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு என் அட்டையை மட்டுமே பார்த்துக்கொண்டு பேசினேன்.

எப்படியோ முடித்தேன். "இது எந்த மாசத்துலம்மா நடக்குது?" என்று கேட்டார் தலைவர். புத்தகத்தில் வசந்த காலம் என்றுதான் இருந்தது, மாதம் இல்லை. பள்ளியில் மனப்பாடம் செய்த ஆறு பருவத்தை நினைத்துக்கொண்டு, "இளவேனில் சார். சித்திரை, வைகாசி" என்றேன். அவரும் அதே ஆறு பருவத்தைப் படித்து வந்தவர்தானே. தலையை ஆட்டினார். என்னைத்தான் அனுப்புவதாகச் சொன்னார்.

போட்டியன்று என்னைத் தனியாக அனுப்ப அப்பாவுக்கு மனசில்லை. "அந்தக் கண்டாச்சிபுரத்துப் பொண்ணு கூட வந்தா போ" என்றார். ஆக, தோற்றவளையே துணைக்குக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். அவள் எனக்கு முன்பே வந்து காத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும்டி. சித்திரை, வைகாசின்னு சொல்லிடாத. அந்தப் பேப்பரைக் காய வச்சித் திரும்பப் படிச்சேன். மூலையில அக்டோபர்னு போட்டிருக்குது. அவங்க பூமிக்கு அடியிலதான கீறாங்க, நமக்குத் தலைகீழு. நமக்கு ஐப்பசி மழை அடிக்க சொல்ல அங்க வசந்தம்."

"பேப்பரைக் காட்டு."

"வூட்லயே வச்சிட்டேன். நெசமாத்தான்டி, அக்டோபரு."

திண்டிவனம் போய்ச் சேருகிறவரை ஜன்னலோரம் உட்கார்ந்து அதைத்தான் யோசித்தேன். ஐப்பசியில் வசந்தமாம். மழைக்காலத்தில் போய் யாராவது வசந்தம் என்பார்களா? நான் அவளிடம் பொய் சொன்னது அவளுக்குத் தெரியும். இடத்தைப் பறித்துக்கொண்டதும் தெரியும். பிறகு எதற்கு எனக்கு நல்லது சொல்கிறாள்? பேப்பர் ஏன் கையில் இல்லை? நன்றாகச் சிரித்துச் சிரித்துப் பேசி, சபையில் என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறாள். கணக்கு எனக்குச் சுத்தமாகப் புரிந்துவிட்டது.

மேடையில் நன்றாகவே பேசினேன். நைட்ரஜன் உறைந்து விழுகிற இடத்தில் கைதட்டல்கூட வந்தது. நடுவர் சென்னையிலிருந்து வந்த ஒரு பேராசிரியர். "ரொம்ப நல்லாச் சொன்னீங்கம்மா. இந்த வசந்தம் எப்போ வருது?" என்று கேட்டார்.

"சித்திரை, வைகாசி" என்றேன். வேண்டுமென்றே அழுத்திச் சொன்னேன்.

"தென் துருவத்துலயா?"

"ஆமாங்க சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சித்திரையில அங்க சூரியன் மறைஞ்சி இருட்டாயிடும்மா. இருட்டுல எப்படி நீங்க சொன்ன வேலையெல்லாம் நடக்கும்? அங்க சித்திரைத் தேர் ஓட்டறீங்களா?" என்றார். கூடம் சிரித்தது. அவர் கூட்டத்தைப் பார்த்து, "தெரிஞ்சவங்க யாராவது இருக்கீங்களா? போட்டியில இல்லாதவங்களும் சொல்லலாம்" என்றார்.

மூன்றாவது வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரியும். கையைத் தூக்கினால் போதும். பத்து நிமிஷத்தில் அந்தப் பெரிய மனிதர் அவளிடம் பேசிப் பார்த்து, இந்தப் பெண் யார் என்று கேட்டிருப்பார். அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டிக்கு வந்திருந்த வேறொரு கல்லூரிப் பையன் எழுந்து அக்டோபர் என்றான். பெங்களூருக்கு அவன்தான் போனான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள், "எதனா சாப்டுறியா?" என்று மட்டும் கேட்டாள். நான் தலைவலி என்று கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய கண்ணுக்குள் அவள் கையின் மேல் உட்கார்ந்திருந்ததுதான் தெரிந்தது. என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம். ஏன் கொடுக்கவில்லை? நான் அவளுக்குச் செய்ததற்கு அவள் எனக்கு ஒன்று செய்திருந்தால் நாங்கள் சமமாகியிருப்போம். அந்தச் சமத்தைக்கூட அவள் எனக்குத் தரவில்லை.

எம்.எஸ்ஸி. கிடைக்கவில்லை. பி.எட். முடித்து திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையானேன். வருஷா வருஷம் ஓசோன் பாடம் வரும். "தென் துருவத்தில் செப்டம்பர், அக்டோபர், அதுதான் அவர்கள் வசந்தம்" என்று பிள்ளைகளுக்குப் போர்டில் எழுதிப் போடுவேன். எழுதும்போது கழுத்தெல்லாம் சூடாகும். கல்யாணத்துக்கு அப்புறம் அவளைப் பார்க்காமலிருக்க என்னாலானதைச் செய்தேன். ஊரில் ஏதாவது விசேஷம் என்றால் அவள் வருகிறாளா என்று விசாரித்துவிட்டுத்தான் போவேன்.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டோ பதின்மூன்றோ இருக்கும். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் வல்லத்தில் கணவர் வீட்டு நிலத்தில் மல்லாட்டை இரண்டு வருஷமாகச் சரியாகக் காய்க்கவில்லை. மண்ணை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வா என்றார். திண்டிவனத்தில் மண் பார்க்கிற சின்ன ஆபீஸ் ஒன்று இருந்தது. வாசலில் துணிப்பையும் கையுமாக விவசாயிகள் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர், "அம்மாகிட்ட குடுத்துட்டா போதும். உன் மண்ணுல இன்னா இல்லன்னு புட்டுப் புட்டு வச்சிடும்" என்றார். அப்போதே திரும்பிப் போயிருக்க வேண்டும்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் அவள்தான். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். நரை வந்திருந்தது. யார் எவர் என்று தடுமாறவேயில்லை. "வாடி" என்று நேற்று விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கிற மாதிரி கூப்பிட்டாள். என் பையை வாங்கி மண்ணை விரலால் கிளறினாள்.

"வரப்பு ஓரத்து மண்ணு இல்ல. எருக்குவியல் பக்கத்துலயும் எடுக்கல. சரியா எடுத்தாந்திருக்க. தழைச்சத்து இருக்குதான்னு பார்த்துடலாம்."

தழைச்சத்து என்றால் நைட்ரஜன்தான். அவளுக்கு அது வேலையாகவே அமைந்துவிட்டது. இந்தச் சின்ன அறையையும், ஆட்டம் கண்ட மேஜையையும், வாசலில் நிற்கிற கூட்டத்தையும் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. மாதச் சம்பளத்தில் நான் அவளைவிட அதிகம் வாங்குவேனாக இருக்கும். என் வகுப்பறை வாசலில் யாரும் என்னைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை.

சீட்டு எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை நிறுத்தினாள்.

"உன்னாண்ட ஒண்ணு கேக்கட்டா? ரொம்ப நாளா கேக்கணும்னு."

புத்தகத்தைப் பற்றித்தான் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். இருபது வருஷமாக அதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன்.

"அன்னிக்கி பஸ் ஸ்டாண்டுல அக்டோபர்னு சொன்னேனே, நீ ஏன்டி நம்பல? நான் சரியா சொல்லலியா? அந்தப் பேப்பரைக் கையோட எடுத்தாந்திருக்கணும். எடுத்தாந்திருந்தா நீ பெங்களூரு போயிருப்ப. என் தப்புதான்."

பதற்றத்தில் மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அவள் எதையும் நம்புவாள். அவள் தப்பு என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ பேப்பர் எடுத்தாந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்" என்றேன். "உன் எடத்துல நான் இருந்திருந்தா வேணும்னே தப்பு மாசத்தைச் சொல்லி அனுப்பியிருப்பேன். அதான், நீயும் அதைத்தான் பண்றன்னு நெனச்சேன்."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"எதுக்கு?" என்றாள்.

"இன்னா எதுக்கு?"

"எதுக்குடி தப்பா சொல்லணும்?"

நிஜமாகவே கேட்டாள். என்னைக் குத்துவதற்காகக் கேட்கவில்லை. அவளுக்கு அது புரியவில்லை. வாசலில் அடுத்த ஆள் பையோடு எட்டிப் பார்த்தான்.

"பொறாமைடி" என்றேன். "உன்மேல. கறிவேப்பிலை இல்லன்னு சொன்ன நாள்லேர்ந்து. இன்னிக்கி வரைக்கும்."

அவள் முகம் மெதுவாக மாறியது. கல்யாணத்தில், கல்லூரியில், அம்மாவின் படுக்கையருகில் என்று ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய்ப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. பிறகு தலையைக் குனிந்து என் சீட்டை எழுதி முடித்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். புத்தகம் எதையும் பார்க்காமல் நானாக அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அந்தப் பொறாமை ஒன்றைத்தான். எப்போதும் ஆடாத அவள் கை நடுங்கியதைப் பார்த்தும், அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது.